சோதனையும் போதனையும்



"பரீட்சை இல்லாத பள்ளிக்கூடமும் ஒரு பள்ளிக்கூடமா?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் கேட்பதில் பொருள் இல்லாமல் இல்லை. மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 2019ஆம் ஆண்டு முதல், ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை பயிலும் பிள்ளைகளுக்குத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. ஆறாம் ஆண்டின் முடிவில் எழுதப்பட்டு வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நீக்கப்படுவதாக 2021ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு அறிவித்தது. புள்ளிகளும், 'வகுப்பில் எத்தனையாவது' என்ற வரிசை எண்ணும் இருந்த இடத்தில், ஆசிரியர் அன்றாடம் கவனித்துக் குறிக்கும் வகுப்பறை மதிப்பீடு வந்தது. புள்ளிகளைப் பார்த்தே பிள்ளையின் படிப்பை அறிந்து பழகிய தாய் தந்தையர் திகைத்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்த மாற்றம் திடீரென்று வந்ததன்று. பிள்ளையின் கல்வியை எப்படி அளப்பது, எதற்காக அளப்பது என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் நம் திண்ணைப் பள்ளிக்கும் இடமுண்டு; தோட்டப் பள்ளிக்கும் இடமுண்டு. அதைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோம். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால் வெட்டி முடித்தவர் வாளியைச் சுமந்து வந்து நிறுவைக்கு வைக்கிறார். கிராணி எடையைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறார். கூலி போடுவதற்கு அந்தக் கணக்கு தேவை. ஆனால் அந்தக் கணக்கினால் மரத்தில் ஒரு சொட்டுப் பால்கூடக் கூடுவதில்லை. காலையில் கத்தியோடு மரத்தின் எதிரே நிற்கும்போது அவர் கண் செய்கிற வேலை வேறு. பட்டை ஈரமாக இருக்கிறதா, கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்துகிறதா, பால் கோட்டை விட்டு வழிகிறதா என்று பார்த்து, பார்த்ததற்கு ஏற்பக் கையை மாற்றிக்கொள்கிறார்.

நிறுவை, வேலை முடிந்தபின் வருவது. பார்வை, வேலையின் நடுவே வருவது. பள்ளியிலும் இவ்விரண்டும் உண்டு. ஆண்டிறுதித் தேர்வு ஒரு நிறுவை. பிள்ளை எழுதும்போதும் வாசிக்கும்போதும் ஆசிரியர் கவனித்து, அடுத்த பாடத்தை அதற்கேற்ப மாற்றுவது பார்வை. இரண்டையும் 'சோதனை' என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். பழைய தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்ற வகுப்புகள் கிடையா. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்தை வரைந்து பழகினார்கள். எழுத்துக் கைவந்தபின் ஓலைக்குப் போனார்கள். ஒரு பிள்ளை அடுத்த பாடத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதை, வாத்தியார் அந்தப் பிள்ளையின் விரலைப் பார்த்தே முடிவு செய்தார். அவருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இருந்தான்; கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். இப்படிச் சொல்வதால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமென்று புகழ்வதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பொருள் விளங்காத மனப்பாடமும், கொடிய அடியும் அங்கே இருந்தன. எல்லாச் சாதியினருக்கும் அங்கே இடமும் கிடைக்கவில்லை. ஆயினும், ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் அளவில் முன்னேறலாம் என்ற வழக்கம் அங்கே இருந்தது.

இதை ஒரு பாதிரியார் கூர்ந்து கவனித்தார். ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரு பெல் என்னும் அவர், 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. உடனே பெல், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெற்றது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்று உலகின் பல பகுதிகளுக்கும் பரவிற்று.

பிள்ளைகளை வயதின்படி உட்கார வைக்காமல், அவர்கள் அறிந்ததன்படி வகுப்புப் பிரித்து, அன்றாடம் கவனித்து இடம் மாற்றுவது பெல் முறையின் உயிர்நாடி. ஆனால் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, மலிவாகக் கல்வி கொடுக்கும் வழியாக அது மாறியபோது, அந்த உயிர் போய்விட்டது. மணியும் வரிசையும் ஒப்பித்தலுமே எஞ்சின. பிள்ளையைப் பார்த்துக் கற்பிக்க எழுந்த ஒரு முறை, காலப்போக்கில் பிள்ளையைப் பாராமல் நடக்கும் இயந்திரமாகிவிடக் கூடும் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. இது போன்ற கதையை இவ்வரலாற்றில் நாம் மீண்டும் காணப்போகிறோம்.

இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் ஒரு புதிய விதி வந்தது. பள்ளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியத்தைப் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பொறுத்துக் கொடுப்பது என்பதே அவ்விதி. 'பலனுக்கு ஏற்ற பணம்' என்று அதைச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பார்வையாளர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறாத பிள்ளைக்கு மானியம் குறையும். விளைவு என்ன? ஆசிரியர்கள் வாசகப் புத்தகத்தை முதலெழுத்து முதல் கடைசி எழுத்து வரை மனப்பாடம் செய்யவைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மளமளவென்று 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றி அக்காலத்துக் கதைகள் உண்டு. தேர்வு நோக்கிய மானியம் சென்னை மாகாணத்திலும் இருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் மானியப் பள்ளிகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது.

அப்பினாங்கில்தான் மலாயாவின் தமிழ்க் கல்வி தொடங்கிற்று. 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு ஏற்பட்டதை நம் தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கமாகக் கொள்கிறோம். பின்னர் காப்பி, கரும்பு, ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என்று வகை செய்தது. சட்டம் வந்தது, பள்ளிகளும் வந்தன. எப்படிப்பட்ட பள்ளிகள்? பல இடங்களில் லயத்தின் ஒரு பகுதியே பள்ளி. கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ அங்கே ஆசிரியர். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளுக்கும் பாடம் சொன்னார். வேலைக்குப் போகும் வயது வந்ததும் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

அந்தப் பள்ளிகளைக் குறைசொல்வது எளிது. ஆனால் அவற்றுள் ஒரு நன்மையும் மறைந்திருந்தது. இருபது முப்பது பிள்ளைகளே இருந்த இடத்தில், எந்தப் பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று ஆசிரியருக்குத் தெரிந்தது. அந்த அறிவைக் கற்பித்தலாக மாற்றத் தேவையான பயிற்சியும், நேரமும், கருவிகளும்தான் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

இதே காலத்தில் பாரிசில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1905ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் பினே என்னும் அறிஞரும் தியோடோர் சீமோன் என்னும் மருத்துவரும் சேர்ந்து ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகள் யார் என்று கண்டு, அவர்களுக்குத் தனி உதவி கொடுப்பதற்காகவே அச்சோதனை எழுந்தது. பிள்ளையின் அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது, மாறாதது என்ற கருத்தைப் பினே ஏற்கவில்லை. ஆனால் 1911இல் அவர் மறைந்தபின், அதே சோதனை பிற நாடுகளில் 'இவன் புத்திசாலி, இவன் மந்தன்' என்று மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று. உதவிக்காகச் செய்த அளவுகோல், ஒதுக்குவதற்கான அளவுகோலாக மாறியது. பெல்லின் முறைக்கு நேர்ந்ததைப் போன்ற கதைதான் இதுவும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது இங்கே 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகளே. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் நாட்டின் கல்விக்கு ஓர் உருவம் கொடுத்தன. தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளை தேறினாலும் தேறாவிட்டாலும் ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு ஏறிவிடும் முறை வந்தது. ஆனால் ஆறாம் ஆண்டின் முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு என்ற ஒரு வாசல் இருந்தது. அவ்வாசலில் பெரும்பாலான பிள்ளைகள் வெளியே நின்றார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் 'தேறவில்லை' என்ற ஒரு சொல், பல தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் பால் வாளியைக் கொடுத்தது.

1964ஆம் ஆண்டோடு அந்த நுழைவுத் தேர்வு நின்றது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடைநிலைப்பள்ளி திறந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இடைநிலைப்பள்ளியின் பயிற்று மொழியைப் பயின்று மேலே சென்றார்கள். இது பெரியதொரு நன்மை. ஆயினும் இதன் உள்ளே ஓர் ஆபத்து இருந்தது. வாசல் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே வருகிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று வழியில் யாரும் பார்க்கவில்லை. வகுப்பு தானே ஏறியது. அறிவு தானே ஏறவில்லை.

இதை உணர்ந்தே 1967ஆம் ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டுச் சோதனை தொடங்கப்பட்டது. அதை ஆறாம் ஆண்டில் வைக்காமல் ஐந்தாம் ஆண்டில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எந்தப் பாடத்தில் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, மீதமுள்ள ஓராண்டில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் முதலாம் ஆண்டில் எழுத்துத் தடுமாறிய பிள்ளையின் குறையை ஐந்தாம் ஆண்டில் கண்டுபிடிப்பது, காலங்கடந்த வைத்தியம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஏழு வயதில் ஒரு வாரத்தில் நேராகக்கூடிய பிழை, பதினோரு வயதில் பழக்கமாக இறுகிவிடுகிறது.

1973இல் வெளிவந்த இடைநிற்றல் ஆய்வு, வறுமையும் பள்ளியை விட்டு நிற்பதும் எவ்வாறு கைகோத்துச் செல்கின்றன என்று காட்டிற்று. 1979ஆம் ஆண்டின் அமைச்சரவைக் குழு அறிக்கை இன்னும் ஒருபடி உள்ளே சென்றது. ஆறாண்டு பள்ளியில் இருந்தும் வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் சரிவரத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற உண்மையை அது எடுத்துரைத்தது. அவ்வறிக்கையின் பயனாகப் பிறந்ததே புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் என்னும் கே.பி.எஸ்.ஆர். 1982இல் முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிகளில் முன்னோட்டமாகவும், 1983இல் நாடெங்கும் முதலாம் ஆண்டிலும் அது தொடங்கிற்று.

அந்தக் கலைத்திட்டத்தில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பாடம் நடக்கும்போதே ஆசிரியர் பிள்ளைகளை மதிப்பிட வேண்டும். பிடிபடாத பிள்ளைக்குக் குறைநீக்கல் நடவடிக்கை கொடுக்க வேண்டும். பிடிபட்ட பிள்ளைக்கு வளப்படுத்தும் நடவடிக்கை கொடுக்க வேண்டும். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் நிறுவையைவிடப் பார்வைக்கு முதலிடம் கொடுத்த பெரிய முயற்சி அதுவே என்று சொல்லலாம்.

இந்த எண்ணம் அக்காலத்தில் உலகின் பல இடங்களிலும் வளர்ந்து வந்தது. 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்பவர் இரு வகை மதிப்பீடுகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். வேலை நடக்கும்போது அதைச் செம்மைப்படுத்துவது ஒன்று. முடிந்தபின் தீர்ப்புச் சொல்வது மற்றொன்று. 1968இல் அமெரிக்கப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம், போதிய நேரமும் தக்க உதவியும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தைக் கற்றுத் தேற முடியும் என்று வாதிட்டார்.

சிறு பிள்ளைகளைப் பொறுத்தமட்டில், நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே என்ற அம்மையாரின் பணி தனிச் சிறப்புடையது. 1960களில் அவர், அப்போதுதான் பள்ளிக்கு வந்த நூறு குழந்தைகளை ஓராண்டுக் காலம் வாரந்தோறும் கவனித்தார். குழந்தை வாசிக்க, அவர் பக்கத்தில் அமர்ந்து, சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரி போட்டார். தவறினால், வெறுமனே தவறு என்று போடாமல், குழந்தை என்ன சொல்லிற்றோ அதை அப்படியே எழுதிக்கொண்டார். தானாகத் திருத்திக்கொண்டால் அதையும் குறித்தார். குழந்தையின் தவறு ஒரு செய்தி என்பது அவர் கண்ட உண்மை. எங்கே உதவி தேவை என்பதைக் குழந்தை தன் தவறின் வழியே நமக்குச் சொல்கிறது.

இதை நம் வீட்டுப் பிள்ளைகளின் பாடத்தில் வைத்துப் பார்ப்போம். 42லிருந்து 17ஐக் கழிக்கச் சொல்கிறோம். சரியான விடை 25. ஒரு பிள்ளை 26 என்று எழுதுகிறது. மற்றொரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. தேர்வில் இருவருக்கும் புள்ளி இல்லை, இருவரும் ஒன்றே. ஆனால் ஆசிரியர் கண்ணுக்கு இருவரும் ஒன்றல்லர். 26 எழுதிய பிள்ளைக்கு முறை தெரியும். விரல்விட்டு எண்ணுகையில் ஒன்று தவறிவிட்டது. 35 எழுதிய பிள்ளையோ 2லிருந்து 7 போகாது என்று கண்டு, 7லிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்குவது அதற்கு இன்னும் விளங்கவில்லை. முன்னதற்குக் கொஞ்சம் பயிற்சி போதும். பின்னதற்கோ இருபது கணக்குக் கொடுத்தாலும் இருபதும் தவறாகும். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால்தான் விளங்கும்.

தமிழிலும் அப்படியே. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதும் பிள்ளைக்கு லகர ளகர வேறுபாட்டைக் காதால் கேட்டு, வாயால் ஒலித்துப் பழக வேண்டும். 'கெ' என்று எழுதச் சொன்னால் கொம்பைக் ககரத்துக்குப் பின்னே போடும் பிள்ளைக்குக் காதில் குறையில்லை. ஒலியில் பின்னே கேட்பது எழுத்தில் முன்னே வருகிறது என்பதைக் கைக்குப் பழக்க வேண்டும். நோய் வேறு, மருந்து வேறு. வெறும் புள்ளி இதைச் சொல்லாது.

1998ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரு கல்வியாளர்கள், இத்தகைய வகுப்பறை மதிப்பீட்டைப் பற்றி அதுவரை வெளிவந்த ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இம்முறையால் கல்வி உயர்கிறது என்றும், பின்தங்கிய பிள்ளைகளே மிகுந்த பயன் அடைகிறார்கள் என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நம்மவர் காதில் விழவேண்டிய செய்தி இது. வீட்டில் புத்தகமும் துணை வகுப்புக்குப் பணமும் இல்லாத பிள்ளைக்கு, ஆசிரியரின் கண்ணே பெரும் செல்வம்.

அப்படியானால் நம் நாட்டில் கே.பி.எஸ்.ஆர். எண்ணியபடி எல்லாம் நடந்ததா? 1983இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் 1988இல் ஆறாம் ஆண்டுக்கு வந்தார்கள். அதே 1988இல்தான் யு.பி.எஸ்.ஆர். தேர்வு தொடங்கிற்று. பார்வைக்கு முதலிடம் கொடுத்த கலைத்திட்டத்தின் முதல் பிள்ளைகளே புதிய நிறுவையின் முதல் பிள்ளைகளும் ஆனார்கள். நாளடைவில் நிறுவையே பள்ளியின் மையமாயிற்று. ஏழு பாடங்களிலும் 'ஏ' எடுத்த பிள்ளைகளின் படங்கள் நாளேடுகளில் நிரம்பின. பழைய கேள்வித்தாள்களே பாடநூல் போலாயின. 1996 முதல் 2000 வரை மூன்றாம் ஆண்டில்கூட ஒரு மதிப்பீட்டுத் தேர்வு இருந்தது. அதில் சிறந்தவர்கள் நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம் என்றிருந்தது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வை இகழ்வது நம் நோக்கமன்று. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. தேர்வுத்தாள் முகம் பார்ப்பதில்லை. தோட்டத்துப் பிள்ளை, பட்டணத்துப் பிள்ளை என்று பேதம் காட்டுவதில்லை. பால் வெட்டுத் தொழிலாளியின் மகள் ஏழு 'ஏ' வாங்கியபோது தோட்டமே தலைநிமிர்ந்தது. அந்தப் பெருமை மெய்யானது. ஆனால் அந்த ஒரு படத்தின் பின்னே, வாசிக்கத் தெரியாமலே ஆறாண்டைக் கழித்த பிள்ளைகளின் படம் எந்த நாளேட்டிலும் வரவில்லை. அவர்கள் புகுமுக வகுப்பில் பின் வரிசையில் அமர்ந்தார்கள். பிறகு ஒரு நாள் பள்ளிக்கு வரவில்லை.

அத்தகைய பிள்ளைகளை முன்னதாகவே கண்டறிய 2010ஆம் ஆண்டில் லீனுஸ் என்ற திட்டம் வந்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்பது அதன் இலக்கு. 2011இல் பள்ளிசார் மதிப்பீடு தொடங்கிற்று. பிள்ளையின் அடைவை ஒன்று முதல் ஆறு வரையிலான நிலைகளில் குறிக்கும் முறை அதில் வந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு திறனுக்கும் சான்றுகளைக் கோப்பில் சேர்த்து, கணினியிலும் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், ஆசிரியர்கள் பதிவிலேயே களைத்துப்போனார்கள். 2014இல் கல்வி அமைச்சு அம்முறையைச் சீரமைத்து அச்சுமையைக் குறைத்தது. பெல்லுக்கும் பினேவுக்கும் நேர்ந்த அதே ஆபத்தை இங்கும் காண்கிறோம். பிள்ளையைப் பார்ப்பதற்காக வந்த தாள், பிள்ளையை மறைக்கும் தாளாகிவிடக் கூடாது. குறித்து வைப்பது மதிப்பீட்டில் பாதி. குறித்ததைக் கொண்டு மறுநாள் பாடத்தை மாற்றுவதே மீதிப் பாதி.

இந்த நெடிய பாதையின் முடிவில்தான் 2019ஆம் ஆண்டின் மாற்றமும் 2021ஆம் ஆண்டின் அறிவிப்பும் வந்தன. நேயர்களே, வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தேர்வு இருந்த காலத்திலும் பார்வை இல்லாத இடத்தில் பிள்ளைகள் தவறிப்போனார்கள் என்பது ஒன்று. தேர்வு போய்விட்டதால் மட்டும் பார்வை வந்துவிடாது என்பது மற்றொன்று. தேர்வுமில்லை, பார்வையுமில்லை என்றாகிவிட்டால், பிள்ளையின் குறை எவர் கண்ணுக்கும் படாமல் வளர்ந்துவிடும். அதுவே எல்லாவற்றிலும் கொடிது. ஆகவே பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு.

பள்ளிக்குத் தேர்ச்சி அறிக்கை வாங்கப் போகும் நாளில், "என் பிள்ளை எத்தனையாவது?" என்று கேட்கும் வழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்போம். "என் பிள்ளைக்கு இப்போது எது நன்றாக வருகிறது? எது இன்னும் வரவில்லை? அதற்காக நீங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள், நாங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?" இம்மூன்றுக்கும் ஆசிரியர் விடை சொன்னால், அங்கே வகுப்பறை மதிப்பீடு உண்மையாகவே நடக்கிறது என்று அறியலாம். விடை வராவிட்டால், பணிவோடு மறுபடியும் கேட்கலாம். கேட்பது நம் உரிமை. அறிக்கையில் உள்ள அடைவு நிலையை மற்றொரு வரிசை எண்ணாக்கி, "பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து, நீ ஏன் மூன்று?" என்று பிள்ளையை வாட்டுவதும் வேண்டாம். அந்த எண், பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. அடுத்த படிக்கு ஏற்றிவிடுவதே நம் வேலை.

வீட்டிலும் ஒரு சிறு வேலை உண்டு. நாள்தோறும் கால் மணி நேரம் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் அமர்வோம். நமக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. காது இருக்கிறதே, அது போதும். பிள்ளை எந்த இடத்தில் தயங்குகிறது, எந்தச் சொல்லை விழுங்குகிறது, வாசித்த கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று கேட்டு, ஆசிரியரைக் காணும்போது அதைச் சொல்வோம். "நேற்று இந்த இடத்தில் திக்கினான், வாத்தியாரே" என்று ஒரு தாய் சொல்லும் சொல், நல்ல ஆசிரியருக்கு ஒரு தேர்வுத்தாளைவிடப் பயன்படும்.

நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல, 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள். சிறுமையாகக் கருதப்படும் இதுவே நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. ஐம்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் தடுமாற்றம் மறைந்துபோகும். பத்துப் பிள்ளைகளில் மறையாது. அங்கிருக்கும் ஆசிரியர் கண் திறந்து பார்த்து, பார்த்ததற்கேற்பக் கற்பித்தால், பெற்றோரும் துணை நின்றால், வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளையும் ஆறாம் ஆண்டைத் தாண்ட வேண்டியதில்லை. அந்த நிலையை நம் ஊர்ப் பள்ளியில் கொண்டுவரும் முயற்சியை, அடுத்த தேர்ச்சி அறிக்கை நாளன்று அந்த மூன்று கேள்விகளோடு நாம் தொடங்கலாம்.